கனிவுக்கும் ஒரு காலக்கெடு வேண்டும்

(தலைப்பு: மனநோயால் குற்றம் செய்தவரிடம் சமுதாயம் காட்ட வேண்டியது கண்டிப்பா? கனிவா? இடம்: எம்.கே.பி. நகர், சென்னை. ‘கனிவே’ அணியின் இரண்டாவது பேச்சு.)



எம்.கே.பி. நகர்னு சொல்றோம். மகாகவி பாரதி நகர் என்கிற முழுப் பெயரைச் சொல்ல நமக்கு நேரமில்லை. பஸ்ஸைப் பிடிக்கணும், ஷிப்டுக்குப் போகணும். துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் மணலிக்கும் ஓடுற ஜனங்க நாம. அவசரத்துல ஊர் பெயரைச் சுருக்கினா தப்பில்லை. ஆனா மனுஷனைச் சுருக்கக் கூடாது. ஒரு மனுஷனுக்கு மனசுல நோய் வந்தா, அவன் பெயர், படிப்பு, வேலை, அவன் பெத்த பிள்ளை எல்லாத்தையும் அழிச்சுட்டு ஒரே சொல்லில் சுருக்கிடறோம்: ‘பைத்தியம்’. அவன் ஒரு குற்றமும் செஞ்சுட்டான்னா இன்னொரு சொல்லும் சேர்ந்துக்கும். அதைப் பத்திப் பேசத்தான் இன்னைக்கு இந்த மேடை.

நடுவர் அவர்களே, சென்னையில பஸ்ல ஏறி, ‘பாரிமுனை ஒண்ணு’ன்னு கேளுங்க, கண்டக்டர் டிக்கெட் கிழிச்சுக் குடுப்பார். ‘கீழ்ப்பாக்கம் ஒண்ணு’ன்னு கேளுங்க. டிக்கெட்டைக் குடுத்துட்டு நம்ம முகத்தை ஒரு தடவை பார்ப்பார். (சிரிப்பு) ‘கார்டனா? ஆஸ்பத்திரியா?’ன்னு கேட்பார். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்காருவார். (சிரிப்பு)

சிரிக்கிறோம். எத்தனையோ சினிமாவுல சிரிச்சாச்சு. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்குச் சர்க்கரை இருந்தா கல்யாணப் பந்தியிலேயே சத்தமாச் சொல்றாங்க: ‘எனக்குப் பாயசம் வேணாம், முந்நூறு இருக்கு.’ ஏதோ பரீட்சையில மார்க் வாங்கின மாதிரி! (சிரிப்பு) அதே மனுஷனுக்கு ராத்திரி தூக்கம் போய், காதுல யாரோ பேசற மாதிரி கேட்டா, வீட்டுல முதல்ல என்ன செய்யறோம்? ஜன்னலைச் சாத்தறோம். அடுத்த வீட்டுக்குத் தெரியக் கூடாது. வைத்தியம் தள்ளிப் போகுது. நோய் முத்துது. ஒரு நாள் கை ஓங்குது. அப்புறம் ஜன்னலைச் சாத்தி என்ன, கதவையே போலீஸ் தட்டுது.

மனநோய் வந்தவங்க எல்லாரும் அடிக்கிறவங்க இல்லைங்க. பெரும்பாலானவங்க யாருக்கும் தீங்கு செய்யாதவங்க. அவங்கதான் மத்தவங்க கையால அடி வாங்கறாங்க. நம்ம தலைப்பு, குற்றம்வரைக்கும் போயிட்ட அந்தச் சிலரைப் பத்தினது.

எதிரணித் தலைவர் முதல் அம்பை விட்டார். ‘கனிவு காட்டினா எல்லாரும் பைத்தியம்னு நடிச்சுத் தப்பிச்சுடுவாங்க’ன்னார். ஐயா, நியாயமான பயம். ஆனா சட்டம் அவ்வளவு ஏமாளி இல்லை.

1860-ல எழுதின இந்திய தண்டனைச் சட்டத்துல 84-வது பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவுல அதுவே 22-வது பிரிவு. அது ‘நோயாளிக்குத் தண்டனை இல்லை’ன்னு சொல்லலை. அந்தச் செயலைச் செய்யற நேரத்துல, மனநலக் கேட்டினால், தான் செய்யறது என்னன்னே தெரியாம இருந்தானா? இல்லேன்னா அது தப்பு, சட்டத்துக்கு விரோதம்னு தெரியாம இருந்தானா? அந்த நேரத்துல! முந்தின வருஷம் மாத்திரை சாப்பிட்டதும், அடுத்த வருஷம் அழுததும் மட்டும் போதாது. அதை நிரூபிக்கிற பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவர் தலையிலதான். டாக்டர் ‘நோய்’னு சொல்றது வேற, கோர்ட் ‘பொறுப்பில்லை’ன்னு சொல்றது வேற.

மகாராஷ்டிரத்துல ஒரு போலீஸ் கான்ஸ்டபிள். அரைக்கிற கல்லால மனைவியைக் கொன்னுட்டார். கீழ்க்கோர்ட்டு தண்டனை குடுத்தது. 2002-ல உச்ச நீதிமன்றம் என்ன பார்த்தது தெரியுமா? அவருக்குத் தீவிரமான மனச்சிதைவு நோய். அவங்க அப்பாவுக்கும் மனநோய் இருந்திருக்கு. சம்பவத்துக்கு முன்னாலயும் வைத்தியம், பின்னாலயும் வைத்தியம். கொன்ன பிறகு அவர் ஓடலை, ஒளியலை. இத்தனையும் பார்த்துத்தான் அவரைத் தண்டனையிலேருந்து விடுவிச்சது. நடிப்புன்னா ஒரு நாள் நடிக்கலாம், ஒரு மாசம் நடிக்கலாம். இருபது வருஷ மருந்துச் சீட்டை நடிக்க முடியுமா? (கைதட்டல்)

அடுத்து எதிரணி நண்பர் திருவாரூருக்கே போயிட்டார். மனுநீதிச் சோழன்! ‘தெரிஞ்சு செஞ்சாலும் தெரியாம செஞ்சாலும் செத்தது கன்னுக்குட்டிதானே? பெத்த பிள்ளை மேலேயே தேரை ஓட்டினானே, அது நீதி’ன்னு முழங்கினார். நீங்களும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன், கதை அவ்வளவு நல்ல கதை. ஆனா நண்பர் கதையைப் பாதியில நிறுத்திட்டார். கடைசியில என்ன ஆச்சு? தியாகேசப் பெருமான் அருளால கன்னும் எழுந்தது, பிள்ளையும் எழுந்தான், தன்னை மாய்ச்சுக்கிட்ட மந்திரியும் எழுந்தார். அதாவது, அரசன் குடுத்த தண்டனையை மேல்முறையீட்டுல ஆண்டவனே ரத்து பண்ணிட்டார்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

வேடிக்கைக்குச் சொன்னாலும் உள்ளே ஒரு நியாயம் இருக்கு. தண்டனை எதுக்கு? தெரிஞ்சு செஞ்சவன் திரும்பச் செய்யாம இருக்க. பார்க்கிற மத்தவன் பயப்பட. காதுல கேட்கிற குரலுக்குப் பயந்து கல்லைத் தூக்கினவனுக்கு ஜெயிலைக் கண்டு பயம் வருமா? ஜெயில் சுவர் அந்தக் குரலைத் தடுக்குமா? நோய் உள்ளேயே இருக்கும். தண்டனை முடிஞ்ச அன்னைக்கு நோயும் அவனோட கேட்டுக்கு வெளியே வரும். அப்ப கண்டிப்புல யாருக்குப் பாதுகாப்பு? மாத்திரையும் ஊசியும் வேலை செஞ்சு, குரல் அடங்கி வெளியே வர்றவன்தான் எனக்கும் பாதுகாப்பு, என் தெருவுக்கும் பாதுகாப்பு.

‘சரிம்மா, அடிபட்டவளுக்கு என்ன நியாயம்?’னு கேட்டாங்க. கட்டாயம் கேட்கணும். அடிபட்ட வீட்டுல போய் ‘அவனுக்கு நோய், மறந்துடுங்க’ன்னு சொல்றது கனிவு இல்லை, கல் நெஞ்சு. வழி சட்டத்திலேயே இருக்கு. வழக்கு விடுதலையில முடிஞ்சாலும், பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு வேணும்னு கோர்ட் நினைச்சா இழப்பீட்டுக்குப் பரிந்துரை செய்யலாம். 2009-லேருந்து இருக்கிற ஏற்பாடு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுகிட்ட போகலாம். தண்டனை வாங்கிக் குடுத்தா வயிறு நிறையாது. வைத்தியச் செலவும் வாடகையும்தான் அந்தக் குடும்பத்துக்கு உடனே வேண்டிய நியாயம்.

இப்ப நான் எதிரணி பக்கம் ஒரு நிமிஷம் போய் நிக்கிறேன். நடுவர் பயப்பட வேண்டாம், திரும்பி வந்துடுவேன். (சிரிப்பு)

இந்தப் பேட்டையில எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா. வீட்டு வேலை செய்து பிள்ளையை ஐ.டி.ஐ. வரைக்கும் படிக்க வெச்சாங்க. ஒரு கம்பெனியில காண்ட்ராக்ட் வேலையும் கிடைச்சது. இருபத்து நாலு வயசுல அவனுக்குச் சந்தேகம் ஆரம்பிச்சது. சோத்துல விஷம்பான், டிவியில தன்னைப் பத்திப் பேசறாங்கன்னுவான். கோயிலுக்குக் கூட்டிப் போனாங்க, மந்திரிச்சாங்க, தாயத்துக் கட்டினாங்க. ஒரு நாள் விடியக்காலையில, தண்ணி லாரிக்கு வரிசையில நின்ன ஒரு பெண்மணியை இரும்புக் கம்பியால அடிச்சுட்டான். கை எலும்பு முறிஞ்சது. வழக்கு. கோர்ட் அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது.

அந்த அம்மாகிட்ட நான் ஆறுதலாச் சொன்னேன்: ‘ஜெயிலுக்கு அனுப்பாம வைத்தியத்துக்கு அனுப்பினாங்களே, நல்லதுதாம்மா.’ அதுக்கு அவங்க சொன்ன பதில் இன்னும் என் காதுல இருக்கு. ‘டீச்சரம்மா, ஜெயிலுக்குப் போயிருந்தான்னா ரெண்டு வருசம், மூணு வருசம்னு ஒரு கணக்கு சொல்லியிருப்பாங்க. நானும் காலண்டர்ல கோடு போட்டுக்கினு இருந்திருப்பேன். ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. என்னிக்கு வருவான்னு கேட்டா ஒருத்தர் வாயிலயும் பதில் வரலியே?’

(அமைதி)

எதிரணியில இத்தனை பேர் பேசினீங்க. இதைவிடப் பலமான கேள்வியை நீங்க யாரும் கேட்கலை. கண்டிப்புக்கு ஒரு முடிவுத் தேதி இருக்கு. கனிவுக்கு இல்லைன்னா, எது கொடுமை?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லணும்னா கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும். 1800-ஆம் வருஷம் மே மாசம், லண்டன்ல ஒரு நாடகக் கொட்டகை. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் உள்ளே வர்றார். ஜேம்ஸ் ஹாட்ஃபீல்டுன்னு ஒரு பழைய சிப்பாய் துப்பாக்கியால சுடறான். குறி தப்பிடுச்சு. அவன் 1794-ல பிரான்சுக்காரங்களோட நடந்த சண்டையில தலையில வாள்வெட்டு வாங்கினவன். அதிலேருந்து புத்தி பேதலிச்சுப் போனவன். அவன் வக்கீல் எர்ஸ்கின் அதை எடுத்துக் காட்டினார். விடுதலை. அப்பதான் அரசாங்கத்துக்குத் திகைப்பு: குற்றவாளி இல்லை, சரி, இவனை வெளியே விடறதா? அந்த வருஷமே அவசரமா ஒரு சட்டம் போட்டாங்க. இப்படிப்பட்டவங்களை மன்னர் விருப்பம் உள்ளவரைக்கும் காவல்ல வைக்கலாம். ‘விருப்பம் உள்ளவரைக்கும்’னா எத்தனை நாள்? ஹாட்ஃபீல்டு 1841-ல காவல்லயே செத்துப் போனான். நாற்பத்தோரு வருஷம். 1843-ல மெக்நாட்டன் வழக்கு வந்தது. பிரதமரோட செயலாளரைச் சுட்டுக் கொன்னவர். அந்த வழக்குல பிறந்த விதிதான் நம்ம 84-வது பிரிவுக்கே தாய். அவரும் 1865-ல காவல்லயே காலமானார். நமக்கு விதியும் அங்கேருந்து வந்தது, விதியோட ஓட்டையும் அங்கேருந்து வந்தது.

ஹாட்ஃபீல்டுக்கு வெட்டு விழுந்த அதே 1794-லதான் நம்ம சென்னையில மனநோயாளிகளுக்கான முதல் விடுதி தொடங்கினதாச் சொல்றாங்க. அதுதான் 1871-ல இப்ப இருக்கிற கீழ்ப்பாக்கம் இடத்துக்குப் போய், இன்னைக்கு மனநல மருத்துவக் கழகமா இருக்கு. கோர்ட் அனுப்பறவங்களும் அங்கே வர்றாங்க.

நடுவர் அவர்களே, பூட்டுல மூணு வகை இருக்கு.

முதல் பூட்டு, கேட்க நாதியில்லாத பூட்டு. 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம், ஏர்வாடி. ஒரு தனியார் காப்பகத்துல விடியக்காலை தீப்பிடிச்சது. அங்கே இருந்த நோயாளிகளைச் சங்கிலியால கட்டி வெச்சிருந்தாங்க. ஓட முடியலை. இருபத்தெட்டு பேர் இறந்தாங்க. அவங்க யாரும் கோர்ட் அனுப்பினவங்க இல்லை. டாக்டர் உத்தரவு இல்லை, நீதிபதி உத்தரவு இல்லை, வீட்டார் கொண்டு வந்து விட்டாங்க, அங்கே கட்டினாங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம்தான் உச்ச நீதிமன்றம் தானாவே வழக்கை எடுத்து மாநிலங்களைக் கேள்வி கேட்டது. ‘கோர்ட்டு எதுக்கு, குடும்பமே பார்த்துக்கும்’னு சொல்றவங்க ஏர்வாடியை மறக்கக் கூடாது. கோர்ட் உத்தரவு கசப்பா இருக்கலாம். ஆனா அதுல ஒரு பெயர் இருக்கு, ஒரு எண் இருக்கு, கேள்வி கேட்க ஒரு இடம் இருக்கு.

ரெண்டாவது பூட்டு, சாவி தொலைஞ்ச பூட்டு. அஸ்ஸாம் மாநிலத்துல மச்சாங் லாலுங்னு ஒரு பழங்குடி இளைஞர். 1951-ல ஒருத்தரைக் காயப்படுத்தினதா கைது பண்ணாங்க. மனநோய்னு தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினாங்க. அவர் உள்ளே போன மறு வருஷம், 1952-ல, பாரிஸ்ல குளோர்புரோமசின்னு ஒரு மருந்தை மனநோய்க்குக் குடுத்துப் பார்த்து, உலகமே வியந்தது. அதுக்கப்புறம் மனநோய் வைத்தியமே மாறிப் போச்சு. 1967-ல மருத்துவமனையே ‘இவர் குணமாயிட்டார்’னு எழுதிக் குடுத்தது. என்ன பண்ணாங்க? விடுதலை பண்ணலை. காவல்லயே வெச்சாங்க. விசாரணை நடக்கலை. ஃபைல் தூங்கிடுச்சு. தேசிய மனித உரிமை ஆணையம் கண்ணுல பட்டு, 2005-ல வெளியே வந்தார். ஐம்பத்து நாலு வருஷம்! ஜாமீன் தொகை எவ்வளவு தெரியுமா? ஒரு ரூபாய். ஒரு ரூபாய்க்கு வெளியே வந்திருக்க வேண்டிய மனுஷனோட ஐம்பத்து நாலு வருஷத்தை யார் திருப்பித் தருவாங்க?

எதிரணி நண்பர்களே, அவரை உள்ளே வெச்சது கனிவா? இல்லைங்க. அது மறதி. மறதிக்குக் கனிவுன்னு பெயர் வைக்கக் கூடாது. (பலத்த கைதட்டல்)

இதுலேயே இன்னொரு வகை அமெரிக்காவுல இருக்கு. அங்கே கான்சாஸ் மாநிலத்துல 1994-ல ஒரு சட்டம். பாலியல் குற்றத்துக்காக ஜெயில் தண்டனையை முழுசா அனுபவிச்சு முடிச்ச சிலரை, ‘இவருக்கு மனக்கோளாறு இருக்கு, மறுபடி செய்வார்’னு சொல்லி, சிகிச்சைங்கிற பெயர்ல மறுபடி காவல்ல வைக்கலாம். 1997-ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அஞ்சுக்கு நாலு என்கிற கணக்குல அதைச் சரின்னது. இன்னைக்குச் சுமார் இருபது மாநிலங்கள்ல அப்படிச் சட்டம் இருக்கு. அந்தக் குற்றங்கள் கொடூரமானவைதான். பெண் பிள்ளை பெத்தவ நான், அந்தப் பயம் எனக்குப் புரியும். ஆனா தண்டனை போதலைன்னா தண்டனைச் சட்டத்தைத் திருத்துங்க. தண்டனையை முடிச்ச பிறகு டாக்டர் கோட்டை மாட்டிக்கிட்டு வந்து இன்னொரு தண்டனை குடுத்தா, அப்புறம் டாக்டரைக் கண்டாலே நோயாளி ஓடுவான். அது கண்டிப்பு போட்டுக்கிட்ட வேஷம். அதைக் கொண்டுவந்து எங்க கணக்குல எழுதாதீங்க!

மூணாவது பூட்டு இருக்கு. அதைச் சொல்ல நான் வெளிநாடு போக வேண்டாம். நம்ம துறைமுகத்துக்குப் போனா போதும். இங்கே உட்கார்ந்திருக்கிறவங்கள்ல துறைமுகத்துல வேலை பார்த்தவங்க இருப்பீங்க. ஒரு கப்பல்ல தொற்று நோய்னு சந்தேகம் வந்தா என்ன செய்வாங்க? நேரா உள்ளே விட மாட்டாங்க. அதுக்காகக் கடல்ல மூழ்கடிக்கவும் மாட்டாங்க. வெளியே நங்கூரம் போட்டு நிக்கச் சொல்வாங்க. துறைமுகச் சுகாதார அதிகாரி பார்ப்பார். சரியாச்சுன்னா அனுமதி குடுப்பார், கப்பல் உள்ளே வரும். அப்படி நிறுத்தி வைக்கிறதுக்கு ‘குவாரண்டைன்’னு பெயர். கொரோனா காலத்துல நம்ம தெருவுக்கே தெரிஞ்ச வார்த்தை. அந்த வார்த்தைக்கு மூலம் இத்தாலி மொழியில ‘நாற்பது’. நாற்பது நாள் நிறுத்தி வைக்கிறது. பாருங்க, அந்தப் பெயருக்குள்ளேயே கணக்கு இருக்கு, முடிவு இருக்கு! கப்பலை நிறுத்தறவன் கப்பலை மறந்துட மாட்டான். ஏன்னா உள்ளே சரக்கு இருக்கு, துட்டு இருக்கு. சரக்குக்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்கு வேண்டாமா? (கைதட்டல்)

நிறுத்து, டாக்டரை அனுப்பு, தேதி போடு, சரியானா உள்ளே விடு. இதுதான் எங்க அணி கேட்கிற கனிவு. கனிவுன்னா கதவைத் திறந்து விட்டுடறது இல்லை. பூட்டு வேணும், அதுக்குச் சாவியும் வேணும், சாவிக்கு ஒரு தேதியும் வேணும்.

இது நடக்கிற காரியமான்னு கேட்கலாம். சட்டம் பாதி தூரம் வந்தாச்சு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்க. தானா முடிவெடுக்க முடியாத சாதாரண நோயாளியை, வீட்டார் விண்ணப்பத்தின் பேரில சேர்த்தா முதல்ல முப்பது நாள்தான். அதுக்கு மேல வேணும்னா டாக்டர்கள் மறுபடி பார்க்கணும், மனநல மறுஆய்வு வாரியம் அனுமதிக்கணும். முதல்ல தொண்ணூறு நாள், அப்புறம் நூத்தி இருபது, அப்புறம் ஒவ்வொரு தடவையும் நூத்தி எண்பது நாள் வரைக்கும். ஒவ்வொரு தடவையும் கேட்கணும். சங்கிலி போடவே கூடாது. ஜெயில்ல இருக்கிற கைதிக்கு மனநோய்னா சிகிச்சைக்கு மாத்த வழி இருக்கு. அந்த வாரியம் சிறைக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம், சிறை டாக்டரைக் கேள்வி கேட்கலாம். குற்ற வழக்குல இருக்கிற நோயாளியையும் அந்தச் சட்ட விதிப்படிதான் மனநல மருத்துவமனையில வைக்கணும்னு புது நடைமுறைச் சட்டமும் சொல்லுது. உள்நோயாளியா வெச்சுப் பார்க்க வேண்டியதில்லாத நோய்னா, வீட்டுல ஒருத்தர் பொறுப்பேத்துக்கிட்டு வெளிநோயாளியா வைத்தியம் பார்க்கிறதுக்கு ஜாமீனும் உண்டு.

குற்றம் செய்யாத மனநோயாளியை ‘பாதுகாப்பு’ன்னு ஜெயில்ல போடறது சட்ட விரோதம்னு 1993-லேயே, மேற்கு வங்காளச் சிறைகளைப் பத்தின வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. எழுத்துல எல்லாம் இருக்கு. மீதி பாதி தூரம் யார் நடக்கணும்? கேட்கிறதுக்கு ஆள் இருந்தாத்தான் தேதி நகரும். லாலுங்குக்குக் கேட்க ஆளில்லை.

திருவள்ளுவர் மருந்துக்கு நாலு கூறு சொன்னார். நோயாளி, வைத்தியர், மருந்து, கூட இருந்து பார்த்துக்கிறவர். நாலாவது ஆளைப் பாருங்க! ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குக் கூடப் போறவரையும் மருத்துவத்துல ஒரு பங்கா வெச்சார். அந்த நாலாவது கால் இல்லேன்னா கட்டில் நிக்காது.

தாய்மார்களே, இதை ஒரு டீச்சர் சொல்றதா எடுத்துக்கோங்க. பிள்ளை தூங்காம, தனியாப் பேசிக்கிட்டு, சாப்பாட்டுல சந்தேகப்பட ஆரம்பிச்சா, தாயத்தோட நிறுத்திடாதீங்க. கோயிலுக்கும் போங்க, ஆஸ்பத்திரிக்கும் போங்க. சாமி கோவிச்சுக்காது. (சிரிப்பு) 14416 என்கிற எண்ணுக்குப் போன் பண்ணினா மனநல ஆலோசனை கிடைக்கும். கட்டி வைக்காதீங்க. வழக்கு வந்துட்டா, இலவசச் சட்ட உதவி கேளுங்க, அது உங்க உரிமை. மருந்துச் சீட்டு ஒண்ணைக்கூடத் தூக்கிப் போடாதீங்க. நாளைக்குக் கோர்ட்டுல உங்க பிள்ளைக்கு அதுதான் சாட்சி. கோர்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா, ‘அடுத்து எப்ப பார்ப்பீங்க, எந்தத் தேதியில கோர்ட்டுக்கு ரிப்போர்ட் போகும்’னு எழுதிக் கேளுங்க. வக்கீலை விட்டுக் கேளுங்க. தேதி வந்தா போய் நில்லுங்க. குணமானவரைக் கூட்டிப் போக வீட்டார் வராததாலேயே உள்ளே இருக்கிறவங்க உண்டு. கோர்ட் பூட்டைத் திறந்த பிறகும், நம்ம வீட்டுக் கதவு பூட்டியிருந்தா அவங்க எங்கே போவாங்க?

முடியுமான்னு சந்தேகப்படாதீங்க. டாக்டர் சாரதா மேனன் 1961-லேருந்து 1978 வரைக்கும் கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்குத் தலைமை வகிச்ச முதல் பெண்மணி. நோயாளிக்கு மருந்தோட வேலையும் மரியாதையும் வேணும்னு சொன்னவங்க. ஓய்வுக்குப் பிறகும் ஓயாம, 1984-ல மனச்சிதைவு நோயாளிகளுக்காக ‘ஸ்கார்ஃப்’ அமைப்பை உருவாக்கறதுல முன்னே நின்னாங்க. 2021-ல தொண்ணூத்தெட்டு வயசுல மறைஞ்சாங்க. அந்த மருத்துவமனைக்குள்ள நோயாளிகள் தறி நெய்திருக்காங்க, ரொட்டி சுட்டிருக்காங்க. நாம யாரைப் பார்த்து ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’னு சிரிச்சோமோ அவங்க உழைச்சிருக்காங்க.

கடைசியா, நடுவர் அவர்களே, உங்களுக்குத் தமிழ் மேல பற்று அதிகம். அதனால மணிமேகலையைக் கூப்பிடறேன். புகார் நகரத்துத் தெருவுல மனம் பேதலிச்ச ஒருத்தன் போறான், ஜனங்க அவன் பின்னாலயே போய் வேடிக்கை பார்க்கிறாங்க. அந்தக் காட்சியைச் சாத்தனார் அன்னைக்கே எழுதி வெச்சிருக்கார். நாம இன்னும் அந்த வேடிக்கையை விடலை. ஆனா அதே காப்பியத்துல, அந்த மணிமேகலை பின்னால சிறைச்சாலைக்குள்ள போறா. கையில அமுதசுரபி. கைதிகளுக்குச் சோறு போடறா. அரசன் ஆச்சரியப்பட்டு ‘உனக்கு என்ன வேணும்?’னு கேட்கிறான். பொன் கேட்கலை, பொருள் கேட்கலை. இந்தச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாத்துன்னு கேட்டா. அவனும் மாத்தினான்.

கவனிங்க. கட்டடத்தை இடின்னு அவ கேட்கலை. அதே சுவர், அதே கூரை. உள்ளே நடக்கிறதை மாத்தச் சொன்னா. காவல்காரன் இருந்த இடத்துக்கு அறம் செய்யறவங்க வரணும்னா. நாங்க கேட்கிறதும் அவ்வளவுதான். மனநோயால குற்றம் செய்தவரைக் கோர்ட் தடுத்து நிறுத்தட்டும். நிறுத்தின இடத்துல டாக்டர் இருக்கட்டும். டாக்டர் கையில மருந்து இருக்கட்டும். சுவத்துல ஒரு காலண்டர் இருக்கட்டும், அதுல அந்தத் தாய் கோடு போட ஒரு தேதி இருக்கட்டும்.

கண்டிப்பு குற்றத்தை மட்டும் பார்க்குது. கனிவு குற்றத்தையும் பார்க்குது, நோயையும் பார்க்குது, அடிபட்டவரையும் பார்க்குது, வாசல்ல காத்திருக்கிற குடும்பத்தையும் பார்க்குது. நாலு பேரையும் பார்க்கிற கண்ணுக்குத்தான் நீதின்னு பெயர். ஆகவே நடுவர் அவர்களே, தீர்ப்பைக் கனிவின் பக்கம் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)